டி2 உருக்குக் கத்தி: உழ்ஹிய்யாவுக்கு வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து இளைஞர்கள் என்னிடம் ஒரு கேள்வியோடு வரத் தொடங்கிவிடுகிறார்கள். "சேர், டி2 கத்தி ஒன்று எடுக்கலாமா? அதுதானே ஆக நல்லது?" கைத்தொலைபேசியில் விளம்பரத்தைக் காட்டுவார்கள். பளபளக்கும் அலகு, அதன் மேல் 'டி2' என்று பொறித்த எழுத்து, சாதாரணக் கத்தியைவிடப் பல மடங்கு விலை.

நான் ஆலிம் அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று மலையகப் பாடசாலைகளில் படிப்பித்து வருபவன். அறுப்பின் சட்டங்களை உலமாக்களிடமே கேட்க வேண்டும். ஆனால் கத்தியின் உருக்கு எப்படிப்பட்டது, அது எமது ஊருக்கும் எமது வேலைக்கும் பொருந்துமா என்பது விஞ்ஞானத்தோடும் அனுபவத்தோடும் சம்பந்தப்பட்ட விடயம். எனது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டி2 நல்ல உருக்குத்தான். ஆனால் அதைத் தீட்டத் தெரிந்த கையும் தீட்டக்கூடிய கல்லும் உங்களிடம் இருந்தால் மட்டுமே அது உங்களுக்கு நல்ல கத்தி. இரண்டும் இல்லாவிட்டால் மலிவான, எளிதில் கூர் ஏறும் கத்தியே மிருகத்துக்கும் உங்களுக்கும் நல்லது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டி2 என்றால் என்ன?

உருக்கு என்பது இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்தது. கத்திக்குப் பயன்படும் உருக்கில் பொதுவாக அரை வீதத்துக்கும் ஒன்றரை வீதத்துக்கும் இடைப்பட்ட காபன் இருக்கும். காபன் கூடக்கூட உருக்கைக் கடினமாக்க முடியும். அதேவேளை அது உடையும் தன்மையும் கூடும்.

வேறு உலோகங்களை வெட்டவும் அழுத்தவும் பயன்படும் அச்சுகள், வெட்டும் அலகுகள் முதலியவற்றைச் செய்யும் உருக்குகளுக்குக் கருவி உருக்கு என்று பெயர். அமெரிக்க வகைப்பாட்டில் இவற்றுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. தண்ணீரில் குளிர வைத்துக் கடினமாக்குவது 'டபிள்யூ' வகை, எண்ணெயில் குளிர வைப்பது 'ஓ' வகை, காற்றிலேயே கடினமாவது 'ஏ' வகை. 'டி' வகையில் காபனும் குரோமியமும் அதிகம். டி2இல் சுமார் 1.5 வீதம் காபனும் சுமார் 12 வீதம் குரோமியமும் சிறிதளவு மொலிப்டினமும் வனேடியமும் உள்ளன. இதே உருக்கை ஜப்பானியர் எஸ்கேடி11 என்றும் ஜேர்மனியர் 1.2379 என்றும் குறிப்பிடுகிறார்கள். மூன்று பெயரில் எதைக் கண்டாலும் ஏறத்தாழ ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதாவது டி2 முதலில் கத்திக்காக வந்த உருக்கு அல்ல. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தகடுகளை வெட்டியும் தேயாமல் இருக்க வேண்டிய அச்சுகளுக்கான உருக்கு. கத்தி செய்பவர்கள் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டார்கள்.

தேயாத உருக்கு, ஆனால் தீட்டவும் கஷ்டம்

டி2 தேயாமல் இருப்பதற்குக் காரணம், அதனுள் காபனும் குரோமியமும் சேர்ந்து உருவாகும் காபைட்டு என்னும் மிகக் கடினமான துகள்கள். சீமெந்துக்குள் கருங்கல் சல்லி கிடப்பது போல இவை உருக்குக்குள் கிடக்கின்றன. இறைச்சி, தோல், மயிர் எல்லாவற்றிலும் உராய்ந்தாலும் அந்தச் 'சல்லி' தேய்வதில்லை. ஒரு முறை ஒழுங்காகத் தீட்டிய டி2 கத்தி, சாதாரணக் கத்தியைவிட நீண்ட நேரம் கூரோடு இருப்பது இதனால்தான்.

ஆனால் இறைச்சியில் தேயாதது தீட்டுக்கல்லிலும் இலேசில் தேயாது. எமது வீடுகளில் கிடக்கும் சாதாரணக் கல்லில் டி2ஐத் தீட்டப் போனால் கை வலிக்கும், கூர் வராது. வைரத் தூள் பதித்த தகடு இருந்தால் வேலை சுலபம்.

இரண்டாவது குறை, உடையும் தன்மை. உருக்கின் கடினத்தை ரொக்வெல் சி அளவில் சொல்வார்கள். நன்றாகப் பதப்படுத்திய டி2 கத்தி 58 முதல் 61 வரை இருக்கும். சாதாரண இறைச்சிக் கத்திகள் 55, 56 அளவில் நிற்கும். கடினம் கூடிய அலகு எலும்பில் மோதினால் வளையாது. வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். கடினம் குறைந்த அலகோ சற்று மடங்கும், ஆனால் உடையாது. மடங்கியதைச் சில நிமிடத்தில் நிமிர்த்தலாம். பெயர்ந்ததைச் சரிசெய்ய வாயை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும்.

மார்க்கம் கேட்பது உருக்கின் பெயரை அல்ல, கூரை

அறுப்பதைச் செம்மையாகச் செய்ய வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், மிருகத்துக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பது நாம் அனைவரும் அறிந்தது. அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. நபியவர்கள் ஆட்டுக்கிடாயைக் குர்பான் கொடுக்கும்போது, ஆயிஷா (ரழி) அவர்களிடம் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கல்லில் தீட்டித் தரும்படியும் சொன்னார்கள். ஒரு விஞ்ஞான ஆசிரியனாக அந்தக் கடைசி விபரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கத்தி கையில் இருந்தால் போதாது. அறுப்பதற்கு முன் அதைக் கல்லில் கூராக்கிக்கொள்ள வேண்டும்.

உடலியலும் இதையே சொல்கிறது. கூரான அலகு ஒரே வீச்சில் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் இரு பக்க இரத்தக் குழாய்களையும் அறுத்துவிடும். மழுங்கிய அலகு தோலையும் சதையையும் நசுக்கி இழுக்கும். அறுப்பவர் முன்னும் பின்னும் பலமுறை இழுக்க வேண்டி வரும். மிருகம் துள்ளும், பிடித்திருப்பவரின் பிடி நழுவும், சில வேளை கை வெட்டுப்படும். பெருநாள் காலையில் எமது ஊர்களில் நடக்கும் கை வெட்டுக் காயங்களில் பல, கத்தி கூராக இருந்ததால் அல்ல, மழுங்கியிருந்ததால் வந்தவை என்பதே நான் நேரில் கண்டது.

கால்நடைகளை வேதனையின்றிக் கையாளும் முறைகள் பற்றி ஆய்வு செய்த அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் அறுக்கும் கத்திக்கு இரண்டு விடயங்களைச் சொல்கிறார். முதலாவது, அலகின் நீளம் மிருகத்தின் கழுத்து அகலத்தின் இரு மடங்காக இருக்க வேண்டும். அப்போதுதான் கத்தியின் நுனி காயத்துக்குள் குத்தாது. இரண்டாவது, ஒரு சாதாரண அச்சுத் தாளை ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு, உலர்ந்த கத்தியால் அதை வெட்டிப் பார்க்க வேண்டும். தாள் கிழியாமல் சுத்தமாக வெட்டுப்பட்டால் கத்தி தயார். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. உருக்கின் பெயர் என்னவாக இருந்தாலும், அந்தத் தாளை வெட்டாத கத்தியை மிருகத்தின் கழுத்தில் வைக்கக் கூடாது.

மலைநாட்டு ஈரம்

கொழும்பிலோ காத்தான்குடியிலோ இருப்பவருக்கு நான் சொல்லும் ஆலோசனையும் எமது ஊருக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் தூறலும் இங்கு வருடத்தின் பெரும்பகுதி. ஹட்டனிலிருந்து கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே மிக அதிக மழை விழும் இடங்கள். மழைக்காலத்தில் காயப்போட்ட துணியே நாட்கணக்கில் உலராத ஊரில், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா?

டி2இல் குரோமியம் 12 வீதம் இருப்பதால் அது துருப்பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. கறையில் உருக்கு, அதாவது கடைக்காரர் 'ஸ்டெய்ன்லெஸ்' என்று சொல்வது, துருவைத் தடுப்பது அதில் தனித்து இருக்கும் குரோமியத்தால். டி2இல் குரோமியத்தின் கணிசமான பங்கு மேலே சொன்ன காபைட்டுத் துகள்களுக்குள் அகப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது முழுப் பாதுகாப்புக்குப் போதாது. சாதாரணக் காபன் உருக்கைவிட மெதுவாகத் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். இரத்தம், உப்பு, எலுமிச்சைச் சாறு பட்டு அப்படியே விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

ஆகவே கழுவி, துடைத்து, நன்றாக உலர்த்திய பின் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பது நுவரெலியாவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சற்றுச் சூடாக்கி மெல்லிய படையாகப் பூசலாம். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் அது கெட்டுப் பிசுபிசுக்கும். உணவுப் பாத்திரங்களுக்குப் பாதுகாப்பான கனிம எண்ணெய் கிடைத்தால் அதுவே நல்லது. தோல் உறையில் மட்டும் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்ட வைத்திருக்கும். உலர்ந்த தாளில் சுற்றி வைப்பது போதும்.

பட்டறைக் கத்தியைக் குறைவாக எண்ண வேண்டாம்

எமது தோட்டங்களில் உருக்கைப் பற்றிய அறிவு புத்தகத்தில் அல்ல, கவ்வாத்துக் கத்தியில் இருக்கிறது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டு சுத்தமாகவும் சாய்வாகவும் விழ வேண்டும். கிளை பிளந்தால், கிழிந்தால், அந்த வழியாக நோய் புகுந்து மரம் உக்கும். அதனால் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி தீட்டுக்கல்லையும் கூடவே மலைக்கு எடுத்துப் போகிறார். வேலைக்கு நடுவே நின்று தீட்டிக்கொள்கிறார். நாள் முழுக்கத் தீட்டாமல் வெட்டும் கத்தியை அவர் தேடுவதில்லை. நாலு இழுப்பில் கூர் திரும்பும் கத்தியையே தேடுகிறார். ஒரு செடிக்குக் காட்டும் இந்த அக்கறையை உயிருள்ள மிருகத்துக்கு நாம் காட்டாமல் இருக்கலாமா?

கொல்லன் பட்டறைகளில் லொறி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கத்திகளும் அப்படிப்பட்டவையே. ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 வீதம் காபன் இருக்கும். வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு என்பதால் அது இலேசில் உடையாது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் குளிர வைத்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தினால் நல்ல கத்தியாகும். சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். துருப்பிடிக்கும் என்பதுதான் குறை.

டி2ஐ அந்தப் பட்டறையில் செய்ய முடியாது. அதைக் கடினமாக்க ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அந்த வெப்பத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும். கரி அடுப்பில் கண்ணால் நிறம் பார்த்து இதைச் செய்வது கஷ்டம். ஆகவே உள்ளூர்ப் பட்டறையில் "டி2 அடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எந்த உலையில் சூடாக்குகிறீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காகப் பதப்படுத்தாத டி2, ஒழுங்காகப் பதப்படுத்திய ஸ்பிரிங் பட்டையைவிட மோசமானது.

எந்த வேலைக்கு எது?

குர்பான் நாளில் எமக்குத் தேவை ஒரு கத்தி அல்ல, மூன்று.

அறுக்கும் கத்தி: நீளமான, நேரான, ஒரு பக்கம் மட்டும் கூருள்ள அலகு. பள்ளிவாசல் நிர்வாகமோ ஒரு குழுவோ பல மிருகங்களை அறுப்பதாகவும், தீட்டத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருப்பதாகவும் இருந்தால், டி2 இங்கே தன் விலைக்குரிய பலனைத் தரும். வருடத்துக்கு ஒரு ஆட்டை அறுக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை. இறைச்சிக் கடைக்காரர் பயன்படுத்தும் சாதாரண கறையில் உருக்குக் கத்தி போதும்.

தோல் உரிக்கும் கத்தி: குட்டையான, வளைந்த வாயுள்ளது. எலும்பில் மோதாத, ஆனால் மயிரிலும் தோலிலும் நீண்ட நேரம் உராயும் வேலை. டி2 உண்மையில் மிகப் பொருத்தமாக இருப்பது இங்குதான்.

எலும்பு வெட்டும் கத்தி: இதற்கு டி2ஐ எடுக்கவே வேண்டாம். வாய் பெயரும். பெயர்ந்த உருக்குச் சில்லு இறைச்சியோடு பங்கு வைக்கப்பட்டு யாருடைய வாய்க்கோ போகும். ஸ்பிரிங் பட்டையில் அடித்த கனமான கத்திதான் இதற்குச் சரி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அலகில் பொறித்த எழுத்தை நம்ப வேண்டாம். எந்தத் தகட்டிலும் எதையும் பொறிக்கலாம். கண்ணால் பார்த்து டி2 என்று உறுதி செய்ய யாராலும் முடியாது. ஆனால் சில எளிய சோதனைகள் மோசமானவற்றைக் கழிக்க உதவும்.

காந்தம் ஒன்றை அலகில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் கடினமாக்க முடியாத, பாத்திரம் செய்யும் வகை உருக்கு, கத்திக்கு உதவாது. ஒட்டினால் டி2 என்று அர்த்தமல்ல. கத்தியாக இருக்கக்கூடும் என்பது மட்டுமே. அடுத்து, விற்பவர் சம்மதித்தால் அலகின் அடிப்பகுதியில் ஒரு நல்ல அரத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். கடினமான அலகில் அரம் வழுக்கும். மென்மையான அலகில் கடிக்கும். டி2 என்று சொல்லும் அலகை அரம் இலகுவாகக் கடித்தால் அது பதப்படுத்தப்படாதது. கடைசியாக, ரொக்வெல் அளவு என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

அலை அலையான கோலம் போட்ட 'டமஸ்கஸ்' கத்திகளில் இளைஞர்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் எமது நாட்டோடு தொடர்புள்ள உண்மையான வரலாறு ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, கலீபா அல் முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில் பலாங்கொடைப் பக்கம் உள்ள சமனலவெவவில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேல் பருவக் காற்றாலேயே எரிந்த பழைய உலைகளை ஆய்வாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அவற்றில் அதிக காபனுள்ள உருக்கை நேரடியாகவே எடுக்க முடிந்தது என்று 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளிவந்த தமது நூலில் இந்நாட்டு உருக்குத் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பெருமை எமக்குரியதுதான். ஆனால் இன்று சந்தையில் உள்ள கோலக் கத்திகளில் பல, சாதாரணத் தகட்டின் மேல் அமிலத்தாலோ லேசராலோ போட்ட படம் மட்டுமே. கோலம் மிருகத்தின் வேதனையைக் குறைக்காது.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, வாள்களையும் கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு அது பொருந்தாது என்று அப்போதும் சொல்லப்பட்டது. ஆனாலும் வீட்டுக் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று எமது தாய்மார் தவித்த நாட்கள் அவை. இரு பக்கமும் கூருள்ளது, வாள் வடிவிலானது, 'போர்க்கத்தி' என்று விளம்பரம் செய்யப்படுவது எதுவும் உழ்ஹிய்யாவுக்குத் தேவையில்லை. பார்த்தவுடன் இறைச்சி வேலைக்கானது என்று தெரியும் கத்தியை வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதானால் சுற்றிக் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். கத்தியோடு படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள்.

தீட்டும் முறை

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லிக்கொடுக்கும் அதே வழிதான். கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாகப் பிடித்தால் 90 பாகை. அதைப் பாதியாகச் சாய்த்தால் 45. மீண்டும் பாதியாகச் சாய்த்தால் 22 சொச்சம். அதைவிட ஒரு மயிரளவு சாய்த்தால் 20 பாகை. அறுக்கும் கத்திக்கு அதுவே சரியான கோணம்.

கோணம் மாறாமல், ஒரு பக்கத்தை முதலில் தீட்டுங்கள். மறு பக்கத்தில் விரலால் குறுக்கே தடவினால் மெல்லிய சுரசுரப்பு, உருக்கு மடிந்து நிற்பது, தெரியும். அலகின் முழு நீளத்துக்கும் அது வந்த பிறகே மறு பக்கத்துக்குத் திருப்புங்கள். முதலில் கரடான கல், பிறகு மென்மையான கல், கடைசியில் பழைய தோல் வாரில் பின்புறமாகச் சில இழுப்பு. அந்தச் சுரசுரப்பு முற்றாகப் போன பிறகே தாள் சோதனை.

மின்சாரச் சாணையில் கொடுப்பதானால் கவனம். வேகமாகச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால் வாய் நீலமாக மாறும். காபன் உருக்கில் அந்த நீலம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூட்டின் அடையாளம். அந்த இடத்தில் கடினம் போய்விட்டது. நாலு வெட்டில் மழுங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பெருநாள் காலையில், மிருகத்தைக் கட்டிப்போட்ட இடத்தில் செய்யக் கூடாது. மிருகத்தின் கண் முன்னால் கத்தி தீட்டுவதை மார்க்கம் வெறுக்கிறது. அவசரத்தில் தீட்டிய கத்தி கூராகவும் இருக்காது. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே தீட்டி, தாளில் சோதித்து, எண்ணெய் பூசிச் சுற்றி வையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு எனது வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு வைரத் தகடும் இரண்டு நல்ல கற்களும் வாங்கி வைக்கட்டும். ஊரில் இறைச்சிக் கடை நடத்தும் நானாமாரையோ கவ்வாத்து வெட்டிப் பழகிய தோட்டத்து அண்ணன்மாரையோ அழைத்து, துல்ஹஜ் பிறக்கும் முன் ஒரு மாலையில் இளைஞர்களுக்குத் தீட்டக் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு விலை கூடிய கத்தியின் காசில் முழு ஊருக்கும் இதைச் செய்து முடிக்கலாம். அதன் பிறகு அவர்கள் கையில் டி2 இருந்தாலும் சரி, லொறிப் பட்டை இருந்தாலும் சரி, அறுக்கப்படும் மிருகத்துக்கு வேதனை குறையும்.